மூக்கு கழுவும் பாட்டில்: புராஸ்டேட் வீக்கம் உள்ளவன் ஒன்றரை வருடம் பயன்படுத்திப் பார்த்தது

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். 240 மில்லி பிடிக்கிற மெத்தென்ற பிளாஸ்டிக் பாட்டில். மூடியில் மழுங்கின முனை, அதிலிருந்து அடிவரைக்கும் இறங்கும் ஒரு குழாய். கூடவே 30 உப்புப் பொட்டலம். உப்புத் தண்ணீரை நிரப்பி ஒரு மூக்குத் துவாரத்தில் வைத்து அமுக்கினால், உள்ளே சுற்றி மறு துவாரம் வழியாக வெளியே கொட்டும். கோவை சிங்காநல்லூரில் ஒரு மெடிக்கலில் 390 ரூபாய்க்கு வாங்கினேன். வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. வெளியூர் போன நாட்களிலும் விட்டதில்லை.

இதே பாட்டிலைப் பற்றித் தும்மல்காரர்கள் நிறையப் பேர் நிறைய எழுதியிருப்பார்கள். நான் எழுதுவது என்னைப் போல் அறுபது தாண்டி, மூத்திரப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பி வீங்கி, ராத்திரி மூன்று தடவை எழுந்து போகிற ஆண்களுக்காக. நம்மைப் பொறுத்தவரை தும்மலுக்கு என்ன மருந்து எடுக்கிறோம் என்பது மூக்கோடு முடிகிற விஷயம் இல்லை.

எனக்கு வயது 66. ஸ்பின்னிங் மில்லில் கார்டிங் டிபார்ட்மெண்டில் 31 வருடம். பஞ்சுத் தூசியில் ஆரம்பித்த தும்மல் ரிட்டயர் ஆன பிறகும் விடவில்லை. ஆடி பிறந்தால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கிற காற்று எங்கள் தெரு மண்ணையெல்லாம் வீட்டுக்குள் கொண்டுவந்து சேர்க்கும். காலி மனை முழுக்கப் பார்த்தீனியம். அவிநாசி ரோட்டில் மேம்பாலம் கட்டின வருடங்களில் கேட்கவே வேண்டாம். காலையில் எழுந்ததும் இருபது தும்மல், அப்புறம் பச்சைத் தண்ணீராக ஒழுகும் மூக்கு, மத்தியானத்துக்கு மேல் அடைப்பு.

புராஸ்டேட் வீக்கம் 2023இல் தெரிந்தது. ஸ்கேனில் 52 கிராம். மூத்திரம் தடையில்லாமல் போக, தினமும் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு தாம்சுலோசின் 0.4 மில்லிகிராம் மாத்திரை ஒன்று. அதில் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

2024 ஆடியில் ஒரு நாள் மூக்கடைப்பு தாங்க முடியாமல், டவுனுக்குப் போன இடத்தில் ஏதோ ஒரு மெடிக்கலில் நின்று, "சளிக்கு மாத்திரை குடுங்க" என்றேன். ஆறு மாத்திரை கத்தரித்துக் கொடுத்தார்கள். அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மத்தியானம் ஒன்று, சாயங்காலம் ஒன்று, படுக்கும்போது ஒன்று. மூக்கு காய்ந்தது, நல்ல தூக்கமும் வந்தது.

பதினொன்றரைக்கு மூத்திரம் முட்டிக்கொண்டு எழுந்தேன். வரவில்லை. தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் நின்று பார்த்தேன். இரண்டு சொட்டு. ஒரு மணிக்கு அதுவும் இல்லை. தொப்புளுக்குக் கீழே கல்லை வைத்துக் கட்டினது மாதிரி இறுகிவிட்டது. வேர்த்து ஊற்றுகிறது, உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. வீட்டுக்காரி சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுத்தாள். மூன்று மணிக்கு மகன் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். மூத்திரம் இறங்க டியூப் போட்டார்கள். பையில் 950 மில்லி இறங்கியது. அந்த ஐந்து நிமிஷத்தில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, நிம்மதியில்.

அங்கே இருந்த டியூட்டி டாக்டர் சின்னப் பையன். டியூபைச் சரி பண்ணிவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "சளிக்கு, அரிப்புக்கு ஏதாச்சும் மாத்திரை போட்டீங்களாய்யா?" சட்டைப் பையில் இருந்த மிச்ச மூன்று மாத்திரையைக் காட்டினேன். அட்டையின் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்துத் தலையாட்டினார்.

அதில் இருந்தது மூன்று சரக்கு. பாரசிட்டமால் 500, பினைல்எஃப்ரின் 10, குளோர்பெனிரமின் 2 மில்லிகிராம். பாரசிட்டமாலால் நமக்குத் தொந்தரவு இல்லை. மற்ற இரண்டும்தான். டியூப் நான்கு நாள் இருந்தது. எடுக்கப் போன அன்றைக்கு யூராலஜி டாக்டர் ஒரு தாளில் படம் போட்டு விளக்கினார். மூத்திரப்பை சுருங்கினால்தான் உள்ளே இருப்பது வெளியே வரும். அந்தச் சுருக்கத்துக்கு நரம்பிலிருந்து வரும் உத்தரவைக் குளோர்பெனிரமின் தடுக்கிறது. பினைல்எஃப்ரின் பையின் கழுத்துத் தசையையும் புராஸ்டேட்டுக்குள் இருக்கும் தசையையும் இறுக்குகிறது. தாம்சுலோசின் எந்தத் தசையைத் தளர்த்துகிறதோ, அதே தசையை. ராத்திரி சாப்பிடுகிற மாத்திரை திறந்துவைத்த வாசலை சளி மாத்திரை வந்து சாத்துகிறது. சாத்தினதோடு, உள்ளிருந்து தள்ளுகிற பலத்தையும் குறைக்கிறது. ஏற்கெனவே வழி குறுகலாக இருப்பவனுக்கு இந்த இரண்டும் சேர்ந்தால் அடைத்துக்கொள்ளும்.

அந்தப் பினைல்எஃப்ரினாவது மூக்கைத் திறக்குமா என்றால் அதுவும் இல்லை. 2023 செப்டம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் ஆலோசனைக் குழு, வாய்வழியாகச் சாப்பிடும் பினைல்எஃப்ரின் மூக்கடைப்புக்கு வேலை செய்வதில்லை என்று ஒருமனதாகச் சொல்லிவிட்டது. கடைகளில் சீட்டு இல்லாமல் விற்கும் மாத்திரைகளிலிருந்து அதை நீக்கலாம் என்று 2024 நவம்பரில் எஃப்.டி.ஏ.வே முன்மொழிந்தது. மகள் இதைப் படித்துக் காட்டினபோது எனக்குக் கோபம் வந்தது. பயனில்லாத ஒரு பொருளுக்காகவா அந்த ராத்திரியை அனுபவித்தேன்!

பாட்டிலுக்கு வருகிறேன். அதை எனக்குக் கொடுத்தது எங்கள் பகுதி மெடிக்கலில் இருக்கும் பார்மசிஸ்ட் பெண். டியூப் எடுத்த மறுவாரம் தும்மிக்கொண்டே போய் நின்றேன்.

"ஏனுங்கய்யா, மாத்திரை உங்களுக்குத்தானுங்களா?"

"ஆமா அம்மிணி."

"வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்க? பிரஷர், சுகர், யூரின் போறதுக்கு?"

நான் கதையைச் சொன்னேன். கையிலெடுத்த அட்டையை அப்படியே பழைய இடத்தில் வைத்துவிட்டாள். "மூக்குல வர்ற தொந்தரவுக்கு மூக்குலயே வைத்தியம் பண்ணலாமுங்க. மாத்திரை வேணும்னா டாக்டரு சீட்டோட வாங்க" என்று இந்தப் பாட்டிலை எடுத்து வைத்தாள். மருந்துக் கடைகளுக்கு நட்சத்திரம் போடுகிற வழக்கம் இருந்தால் அந்த இரண்டு கேள்விக்காகவே அந்தக் கடைக்கு ஐந்தும் போடுவேன். வயதான ஒரு ஆள் வந்து சளி மாத்திரை கேட்கும்போது அதைக் கேட்க அரை நிமிஷம்கூட ஆகாது.

யோகா செய்கிறவர்கள் இதை ஜலநேதி என்பார்கள். அதேதான். ஆனால் நேதிக் கெண்டியில் தலையை நன்றாகச் சாய்த்துத் தண்ணீர் தானாக இறங்கக் காத்திருக்க வேண்டும். எனக்குக் கழுத்தெலும்புத் தேய்மானம், அவ்வளவு சாய்க்க முடியாது. பாட்டிலில் வாஷ்பேசின் மேல் லேசாகக் குனிந்தால் போதும். வாயைத் திறந்து வாயால் மூச்சு விட்டுக்கொண்டு மெதுவாக அமுக்க வேண்டும். நடுவில் பேசவோ விழுங்கவோ கூடாது. முதல் நாள் நான் அவசரப்பட்டு ஓங்கி அமுக்கிவிட்டேன், காதுக்குள் அழுத்தம் ஏறி அன்றைக்கு முழுக்க அடைத்துக்கொண்டது. பாதி ஒரு பக்கம், பாதி மறுபக்கம். அப்புறம் ஒவ்வொரு துவாரமாக மெல்லச் சிந்த வேண்டும். கால் மணி நேரம் கழித்துக் குனிந்தால் இன்னும் கொஞ்சம் கொட்டும், அதனால் வெள்ளைச் சட்டையைப் போடும் முன்பே முடித்துவிடுவேன்.

மாத்திரை தும்மலை அடக்கிவைக்கிறது. இது தும்மல் வரவைக்கிற தூசியையும் மகரந்தத்தையும் வெளியே கழுவித் தள்ளிவிடுகிறது. ரத்தத்தில் எதுவும் கலப்பதில்லை, அதனால் மூத்திரப்பைக்கு இதோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. முதல் வாரத்திலேயே காலைத் தும்மல் இருபது பத்தாகக் குறைந்தது.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் யாரும் சலுகை எடுத்துக்கொள்ளக் கூடாது. "சிறுவாணித் தண்ணிதானே அம்மிணி, அப்படியே குடிக்கிறோமே" என்று நானும் கேட்டேன். குடிப்பது வேறு, மூக்கில் ஏற்றுவது வேறு என்று அந்த பார்மசிஸ்ட் பெண் சொன்னதன் அர்த்தம் செய்தித்தாளைப் பார்த்தபோது புரிந்தது. அதே 2024இல்தான் கோழிக்கோடு, மலப்புறம் பக்கம் குளத்தில் குளித்த குழந்தைகள் அமீபா மூளைக் காய்ச்சலில் இறந்துபோனார்கள். அந்தக் கிருமி வயிற்றுக்குள் போனால் ஒன்றும் செய்வதில்லை, மூக்கு வழியாகத்தான் மூளைக்கு ஏறுகிறது. ஆகவே தளதளவென்று ஒரு நிமிஷம் கொதித்து ஆறின தண்ணீர், இல்லாவிட்டால் டிஸ்டில்ட் வாட்டர். கேன் தண்ணீரையும் கொதிக்க வைத்துத்தான் ஊற்ற வேண்டும். மகளைக் கட்டிக்கொடுத்தது ஊட்டியில். அங்கே போனால் மூன்று நிமிஷம் கொதிக்க விடுகிறேன். ஏழாயிரம் அடிக்கு மேலே தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். சூடு போதாததை நேரத்தால் ஈடுகட்ட வேண்டும். ராத்திரியே ஒரு சில்வர் பாத்திரத்தில் காய்ச்சி மூடிவைத்துவிடுவாள் வீட்டுக்காரி, காலையில் அதில் கொஞ்சம் எடுத்துச் சூடு பண்ணிக் கலந்து கைக்கு இதமான பதத்துக்குக் கொண்டுவருவேன்.

குறைகளும் உண்டு. உப்புப் பொட்டலம் விலை அதிகம். உள்ளே இருப்பது உப்பும் சமையல் சோடாவும்தான், ஒரு பாட்டிலுக்கு 2 கிராம் சொச்சம். கூடப் போனால் எரியும், குறைந்தாலும் எரியும். வெறும் தண்ணீரை ஊற்றினால் குளத்தில் குதித்து மூக்கில் ஏறினது மாதிரி சுரீர் என்று இருக்கும். முதல் டப்பா தீர்ந்த பிறகு நான் அயோடின் சேர்க்காத உப்பு மூன்று பங்கு, சமையல் சோடா ஒரு பங்கு கலந்து காய்ந்த புட்டியில் வைத்துக்கொண்டேன். ஈரக் கரண்டியை விடாமல் இருந்தால் கட்டியாகாது. ஆனால் பிரயாணத்துக்குப் பொட்டலம்தான் வசதி.

அடுத்த குறை, மூடியின் உள்பக்க வளையம். அங்கே தண்ணீர் தேங்கி மூன்றாவது மாதம் கறுப்புக் கட்டுகிறது. தினமும் கழுவி, குழாயைத் தனியே கழற்றிக் கவிழ்த்துக் காயவைத்தாலும் வருகிறது. கூட வரும் தாளிலேயே மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். பாட்டிலை மட்டும் தனியாக விற்பதில்லை. பாட்டிலுக்காக மறுபடி பொட்டலத்தோடு முழு செட்டையும் வாங்க வேண்டியிருக்கிறது. இது எனக்குப் பிடிக்கவே இல்லை. அளவுக் கோடும் இரண்டாம் மாதமே அழிந்துபோகிறது, நான் மார்க்கர் பேனாவில் வரைந்துவிட்டேன்.

பாட்டில் மட்டும் போதுமா என்றால், எனக்குப் போதவில்லை. காற்றுக் காலத்தில் அடைப்பு திரும்ப வந்தது. அப்போதும் நானாக எதையும் வாங்காமல் யூராலஜி டாக்டரிடம் கேட்டு, அவர் அனுப்பி, இ.என்.டி. டாக்டரைப் பார்த்தேன். அவர் கொடுத்தது ஃப்ளூட்டிகசோன் மூக்கு ஸ்பிரே. ஸ்டீராய்டு என்றதும் பயந்தேன். மூக்குச் சவ்விலேயே வேலை செய்துவிட்டு ரத்தத்தில் மிகக் கொஞ்சம்தான் சேரும், புராஸ்டேட்டை இது தொடாது என்று விளக்கினார். இடது மூக்குக்கு வலது கை, வலது மூக்குக்கு இடது கை. நடுத் தண்டில் அடிக்காமல் கண்ணின் வெளி ஓரத்தைப் பார்த்து அடிக்க வேண்டும். நடுத் தண்டில் பட்டுக்கொண்டே இருந்தால் ரத்தம் கசியும், எனக்கு ஒரு தடவை கசிந்தது. அடித்ததும் உறிஞ்சக் கூடாது, உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்விடும். முதலில் பாட்டிலால் கழுவிவிட்டுப் பத்து நிமிஷம் கழித்து ஸ்பிரே. அழுக்கின் மேல் மருந்து அடித்துப் பயனில்லை.

ஒரு தடவை அடித்துவிட்டு "ஒண்ணும் கேக்கலை" என்று தூக்கிப் போடுகிறவர்கள் நிறைய. எனக்கு நான்காம் நாள்தான் வித்தியாசம் தெரிந்தது, முழுப் பலன் பத்து நாளைக்கு மேல். ஆடிக்கு இரண்டு வாரம் முன்பே ஆரம்பித்துவிட வேண்டும் என்பது போன வருடம் கற்றது. ஸ்டீராய்டு என்பதால் வருடத்துக்கு ஒரு தடவை கண் அழுத்தம் பார்க்கிறேன். கண்புரை ஆபரேஷன் பேச்சு வந்தால், ஆபரேஷனுக்கு முன்பே தாம்சுலோசின் சாப்பிடுவதைச் சொல்லிவிடுங்கள். அது கண்மணியைச் சுற்றியிருக்கும் திரையைத் தளர வைக்கும், தெரிந்திருந்தால் டாக்டர் தயாராக இருப்பார்.

ஸ்பிரே என்றாலே எல்லாம் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. அடித்த ஐந்தாவது நிமிஷம் மூக்கு திறக்கிற சொட்டு மருந்துகள் இருக்கின்றன, ஆக்ஸிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின். அவையும் பினைல்எஃப்ரின் மாதிரி இறுக்குகிற ஜாதி. புராஸ்டேட் வீக்கம் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. தொடர்ந்து சில நாள் போட்டால் முன்பைவிட மோசமாக அடைத்துக்கொள்ளும் குணமும் அவற்றுக்கு உண்டு.

மாத்திரையே வேண்டிய நாட்களும் வந்தன. பார்த்தீனியம் பிடுங்கப் போய்க் கை முழுக்கத் தடிப்பு. எனக்கு எழுதிக் கொடுத்தது ஃபெக்ஸோஃபெனடின் என்ற அலர்ஜி மாத்திரை. அதைச் சாத்துக்குடி, ஆப்பிள் ஜூஸோடு விழுங்கினால் உடம்பில் சரியாகச் சேராது, தண்ணீரோடுதான். கிட்னி பலவீனமாக இருந்தால் அளவைக் குறைப்பார்கள். லோரடடினும் இதே வகை. செட்ரிசின், லெவோசெட்ரிசின் குளோர்பெனிரமின் மாதிரி பழைய சரக்கை விட மேல் என்றாலும், மூத்திரம் தேங்குகிறவர்கள் கவனமாக இருக்க வேண்டும் என்று அவற்றின் தாளிலேயே போட்டிருக்கிறது.

எங்கள் ஊரில் அரிப்பு என்றால் "ஒரு சிபிஎம் போடு" என்பது வாய்ப்பாடு. சிபிஎம் என்பதுதான் அந்தக் குளோர்பெனிரமின். பல இருமல் டானிக்குகளில் அது இருக்கிறது, அல்லது டைஃபென்ஹைட்ரமின் இருக்கிறது. பஸ்ஸில் வாந்தி வராமல் இருக்கப் போடும் புரோமெத்தசின், அரிப்புக்குத் தரும் ஹைட்ராக்ஸிசின், எல்லாம் ஒரே குடும்பம். இவை தூக்கமும் தரும். தாம்சுலோசின் படுக்கையிலிருந்து எழும்போது தலை சுற்ற வைக்கும். இரண்டும் சேர்ந்த ராத்திரியில் பாத்ரூமுக்குப் போகிற வழியில் விழுவதற்கு வெகுநேரம் ஆகாது. எங்கள் தெருவிலேயே ஒருவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்தார். அவர் என்ன மாத்திரை சாப்பிட்டார் என்று எனக்குள் அன்றிலிருந்து ஒரு கேள்வி இருக்கிறது, கேட்க மனம் வரவில்லை.

செலவு: பாட்டில் செட் 390, மூன்று மாதத்துக்கு ஒரு முறை. ஸ்பிரே 420, 120 தடவை அடிக்கலாம், காற்றுக் காலத்தில் மாதம் ஒன்று, மற்ற மாதங்களில் வேண்டியதில்லை. தாம்சுலோசினை மக்கள் மருந்தகத்தில் வாங்குவதில் மிச்சமாகும் பணம் இதற்குச் சரியாகிவிடுகிறது.

காதில் ஓட்டையோ சீழோ இருப்பவர்கள், மூக்கில் சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்கள், முழுக்க அடைத்துக் காற்றே போகாத நிலையில் இருப்பவர்கள் இந்தப் பாட்டிலை டாக்டரைக் கேட்காமல் ஆரம்பிக்க வேண்டாம். வலியோடு முட்டிக்கொண்டு ஒரு சொட்டும் வராமல் போனால், விடியட்டும் என்று படுத்திருக்காதீர்கள். நான் பதினொன்றரையிலிருந்து மூன்று வரை வீட்டிலேயே காத்திருந்தது பெரிய தப்பு என்று அந்தச் சின்னப் பையன் டாக்டர் சொன்னார்.

ஐந்துக்கு நான்கு போடுகிறேன். பாட்டிலைத் தனியாக விற்றால், மூடியில் தண்ணீர் தேங்காமல் செய்தால் ஐந்தாவதையும் தருவேன். பர்ஸில் ஆதார் அட்டைக்குப் பின்னால் ஒரு சீட்டு வைத்திருக்கிறேன், மகள் கையெழுத்து: "புராஸ்டேட் வீக்கம் உண்டு. தாம்சுலோசின் சாப்பிடுகிறார். குளோர்பெனிரமின், பினைல்எஃப்ரின் கொடுக்க வேண்டாம்." எந்த மெடிக்கலுக்குப் போனாலும் முதலில் அதைத்தான் நீட்டுகிறேன்.